ஃபில்மோரை இடித்த ஊர், பேவியூவுக்குப் பெயர் சூட்டிய கதை: சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பண்பாட்டு வட்டாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் கோல்டன் கேட் பாலம், லாம்பார்ட் தெருவின் வளைவுகள், படகுத்துறையில் படுத்துக் கிடக்கும் கடற்சிங்கங்கள் என்று இரண்டு நாள் ஓடிவிடும். மூன்றாம் நாள் நான் அவர்களை ஃபில்மோர் தெருவுக்கும் பேவியூவுக்கும் கூட்டிக்கொண்டு போவேன். "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டபடிதான் காரைவிட்டு இறங்குவார்கள். வீடு திரும்புவதற்குள் கேள்வி மேல் கேள்வியாக வந்துவிடும். போன வருடம் வந்த பெரியப்பா தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாஸ், ஓவியம், சிலை எதுவும் அவரை அசைக்கவில்லை. போன இடமெல்லாம் "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று ஒரே கேள்விதான். முதலில் சிரித்தேன். இப்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளையும், சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பண்பாட்டு வட்டாரம் என்றால் என்ன?

நகரத்துக்குள் ஒரு பகுதியைக் குறித்து, "இந்த மக்கள் இங்கே வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள், அவர்களுடைய கலை, கடை, வழிபாடு, விழா எல்லாம் இங்கே தொடர வேண்டும்" என்று நகரம் சட்டப்படி அறிவிப்பது. சான் பிரான்சிஸ்கோவில் 2013-இல் ஜப்பான்டவுனில் தொடங்கியது. அடுத்த வருடம் லத்தீன் அமெரிக்கர்களின் 24-ஆம் தெரு, 2016-இல் பிலிப்பினோக்களின் பகுதி. ஆளாளுக்கு ஒரு தீர்மானம் என்று போய்க்கொண்டிருந்ததை 2018-இல் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பிறகு எண்ணிக்கை பத்தாக வளர்ந்தது.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எல்லை உண்டு, அதை நடத்த உள்ளூர் அமைப்பு ஒன்று உண்டு. அந்த அமைப்பு மக்களிடம் கேட்டு, வரலாறு, வீடு, பிழைப்பு, கலை எல்லாவற்றுக்கும் என்ன செய்யலாம் என்று திட்ட அறிக்கை எழுதி, நகர மேற்பார்வையாளர் அவையின் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அவையை நம் ஊர் மாநகராட்சி மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எதையெல்லாம் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை ஏற்றத்தை நிறுத்தாது. வீட்டை விற்பவரைத் தடுக்காது. இடிப்பதற்கும் தானாகத் தடை வராது.

கறுப்பின மக்களுக்கான வட்டாரம் எங்கே இருக்கிறது?

நகரத்தின் தென்கிழக்கு மூலையில், பேவியூவில். மூன்றாம் தெருதான் அதன் முதுகெலும்பு. 2018 டிசம்பரில், அந்தத் தொகுதியின் பிரதிநிதியாகவும் அவைத் தலைவராகவும் இருந்த மாலியா கோஹன் முன்னெடுத்த தீர்மானம் நிறைவேறியது. அதிகாரப்பூர்வப் பெயரில் "ஆப்பிரிக்கன் அமெரிக்கன்" என்றுதான் இருக்கிறது.

"நீக்ரோ" என்று எழுதலாமா? எங்கள் பள்ளிப் பாடத்தில் அப்படித்தானே இருந்தது?

வேண்டாம். அன்றைக்கு அங்கேயும் புழங்கிய சொல்தான், இன்று காதில் குத்தும். கறுப்பினத்தவர் என்றோ ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றோ எழுதுங்கள்.

ஜாஸ் எல்லாம் ஃபில்மோரில்தானே? வட்டாரம் மட்டும் ஏன் பேவியூவில்?

இதுதான் முக்கியமான கேள்வி. நியூயார்க்கின் பேர்பெற்ற கறுப்பினப் பகுதியான ஹார்லெமை வைத்து, ஃபில்மோரை "மேற்கின் ஹார்லெம்" என்று அழைத்தார்கள். ஒரு தெருவுக்குள் பத்துப் பன்னிரண்டு இசைக்கூடங்கள், சர்ச்சுகள், முடிதிருத்தகங்கள், கறுப்பின வைத்தியர்கள், வக்கீல்கள் என்று நிறைந்திருந்த இடம். அதை நகரமே இடித்தது. இடிக்கப்பட்டவர்களில் பலர் கிடைத்த இடமாகப் பேவியூவுக்கும் அதை ஒட்டிய ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்கும் போனார்கள். இன்னும் பலர் வளைகுடாவைத் தாண்டி ஓக்லாந்துக்குப் போனார்கள். பாரம்பரியத்தைப் போற்ற வேண்டும் என்று நகரத்துக்கு நினைவு வந்த 2018-இல், மக்கள் ஓரளவாவது மிஞ்சியிருந்த இடம் பேவியூதான்.

எண்ணிக்கையைப் பார்த்தால் புரியும். 1970-இல் நகரத்தில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 96,000 பேர், மொத்த மக்கள்தொகையில் 13 விழுக்காட்டுக்கு மேல். 2020-இல் ஏறத்தாழ 45,000 பேர், 5 விழுக்காடு. பேவியூவிலேயே இன்று அவர்களைவிட ஆசியர்கள் அதிகம்.

கறுப்பினத்தவர் ஃபில்மோருக்கு வந்தது எப்படி?

போர் கொண்டுவந்தது. 1940-இல் ஊரில் கறுப்பினத்தவர் 5,000 பேர்கூட இல்லை. கப்பல்கட்டும் தளங்களுக்கு ஆள் தேவைப்பட, டெக்சாஸ், லூசியானா போன்ற தென்மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்தார்கள். 1950-இல் எண்ணிக்கை 43,000-ஐத் தாண்டிவிட்டது.

வந்தவர்களுக்கு ஊரின் பெரும்பகுதியில் வீடு கிடைக்கவில்லை. வெள்ளையர் அல்லாதோருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்த காலம். ஃபில்மோரில் மட்டும் வீடுகள் காலியாக இருந்தன. ஏன் காலி? 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவின்படி, அங்கிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மக்களை விரட்டிய வீட்டில் இன்னொரு மக்கள் குடியேறினார்கள், பிறகு அவர்களும் விரட்டப்பட்டார்கள். ஃபில்மோரின் மொத்தக் கதையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

அதற்கு முன்னால் ஊரில் கறுப்பினத்தவர் இல்லையா?

இருந்தார்கள். எண்ணிக்கையில் கொஞ்சம், செல்வாக்கில் அதிகம். சான் பிரான்சிஸ்கோ வெறும் கடற்கரைக் கிராமமாக இருந்த 1841-இல் வந்து இறங்கிய வில்லியம் லைடஸ்டார்ஃப், கரீபியத் தீவில் ஆப்பிரிக்க வழித் தாய்க்குப் பிறந்தவர். வளைகுடாவில் முதல் நீராவிப் படகை ஓட்டியவர், ஊரின் முதல் ஹோட்டலைக் கட்டியவர், பொருளாளராகவும் இருந்தவர். வங்கிகள் நிறைந்த பகுதியில் அவர் பெயரில் ஒரு சந்து இருக்கிறது. அதில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் யார் என்று தெரியுமா என்பது வேறு விஷயம்.

மேரி எலன் பிளெசன்ட் என்று ஓர் அம்மையார். தங்கவேட்டைக் காலத்தில் வந்து, வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். 1866-இல் டிராம் வண்டியில் தன்னை ஏற்ற மறுத்த நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தவர். ஆக்டேவியா தெருவில் அவர் நட்ட யூகலிப்டஸ் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அந்த மரத்தடிதான் நகரத்தின் மிகச் சிறிய பூங்கா.

ஃபில்மோரில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

ஃபில்மோர் தெரு 1712 என்ற எண்ணில் ஒரு விக்டோரிய மரவீடு நிற்கிறது. நான் யாரைக் கூட்டிப்போனாலும் முதலில் நிறுத்துவது அதன் முன்னால்தான். அந்த வீடு பிறந்த இடம் அதுவல்ல, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போஸ்ட் தெருவில். போருக்கு முன்பு அது ஒரு ஜப்பானியரின் மருந்துக்கடை. அவர்கள் முகாமுக்குப் போனார்கள். 1950-இல் ஜிம்போ எட்வர்ட்ஸ் என்பவர் முன்னறையில் வாஃபிள் பலகாரக் கடையும் பின்னறையில் "பாப் சிட்டி" என்ற இசைக்கூடமும் நடத்தத் தொடங்கினார். மற்ற கிளப்புகள் சாத்திய பிறகு, இரவு இரண்டு மணிக்குத்தான் அங்கே கச்சேரி களைகட்டும். விடியும்வரை நடக்கும். சார்லி பார்க்கர், பில்லி ஹாலிடே, டிஸ்ஸி கில்லெஸ்பி, ஜான் கோல்ட்ரேன் எல்லாம் வந்து போன அறை. 1965-இல் மூடினார்கள்.

சுற்றிலும் எல்லாம் இடிபட்டபோது இந்த ஒரு வீட்டை மட்டும் பெயர்த்து, வண்டியில் ஏற்றி, ஃபில்மோர் தெருவில் கொண்டுவந்து வைத்தார்கள். 1981-இல் அதற்குள் மார்கஸ் புக்ஸ் குடிவந்தது. ஜூலியன், ரே ரிச்சர்ட்சன் தம்பதி 1960-இல் தொடங்கிய கறுப்பினப் புத்தகக்கடை அது. பெயர், கறுப்பின இயக்கத் தலைவர் மார்கஸ் கார்வியின் நினைவாக. 2013-இல் கட்டடம் கைமாறியது. நில அறக்கட்டளை ஒன்றின் துணையோடு திரும்ப வாங்கப் பார்த்தார்கள், நன்கொடை திரட்டினார்கள், விலை படியவில்லை. 2014-இல் நகரம் அந்த வீட்டைப் பாதுகாக்கப்பட்ட அடையாளச் சின்னமாக அறிவித்தது. அதே 2014 மே மாதத்தில் புத்தகக்கடையைக் காலி செய்ய வைத்தார்கள். சட்டம் சுவரைக் காப்பாற்றியது, சுவருக்குள் இருந்தவர்களை விட்டுவிட்டது. கடையின் ஓக்லாந்துக் கிளை இன்றும் நடக்கிறது.

இந்த இடத்தில்தான் பெரியப்பா முதல் தடவையாகப் பட்டாவைப் பற்றிக் கேட்டார்.

நகரமே ஏன் இடித்தது?

"பாழடைந்த பகுதி" என்ற முத்திரையைக் குத்திவிட்டால் கூட்டாட்சி அரசின் பணம் கிடைக்கும், எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் கிடைக்கும். 1948-இல் முத்திரை குத்தினார்கள். 1950-களின் பாதியில் முதல் கட்டம், 1960-களில் இரண்டாம் கட்டம். 1959 முதல் சீரமைப்பு முகமையை நடத்தியவர் ஜஸ்டின் ஹெர்மன். கியரி தெருவை அகலப்படுத்தி, ஃபில்மோருக்கு அடியில் பள்ளம் பறித்து, புறநகர்க் கார்கள் நிற்காமல் பாய்ந்து போக வழி செய்தார்கள். இன்றும் ஃபில்மோர் தெருவில் அந்தப் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால், வண்டிகள் அங்கே ஓர் ஊர் இருப்பதே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும்.

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு: 883 கடைகளும் தொழில்களும் மூடப்பட்டன, 4,729 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, ஏறத்தாழ 2,500 விக்டோரிய வீடுகள் தரைமட்டமாயின. வீடுகள் பழசு, சிலவற்றில் நெரிசல், ஒழுகல் எல்லாம் உண்மைதான். ஆனால் அதே காலத்து அதே மாதிரி மரவீடுகள் நாலு தெரு தள்ளி இன்று பல மில்லியன் டாலருக்கு விற்கின்றன. பழுது பார்த்திருக்கலாம்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. ஃபில்மோரை உள்ளடக்கிய வெஸ்டர்ன் அடிஷன் பகுதியின் சமூக அமைப்பு புல்டோசருக்கு முன்னால் போய் நின்றது, 1968-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. தடை சில மாதங்கள்தான் நின்றது. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1963-இலேயே தொலைக்காட்சியில் சான் பிரான்சிஸ்கோவைச் சுட்டிச் சொல்லிவிட்டார்: நகரச் சீரமைப்பு என்பதன் பொருள் கறுப்பரை அகற்றுவதுதான் என்று.

ஹெர்மன் பெயரில் கடற்கரையோரம் ஒரு சதுக்கம் இருந்தது. 2017-இல் அந்தப் பெயரை நீக்கச் சொல்லி அவை தீர்மானம் போட்டது. இப்போது அது எம்பார்கடேரோ பிளாசா.

வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒன்றுமே தரவில்லையா?

ஒரு காகிதம் தந்தார்கள். முன்னுரிமைச் சான்றிதழ் என்று பெயர். புது வீடுகள் கட்டியதும் உங்களுக்குத்தான் முதலிடம் என்று அதற்கு அர்த்தம். வீடு கட்டப் பல வருடம் ஆயிற்று. காலி மனைகள் முள்வேலிக்குள் பத்து வருடம், பதினைந்து வருடம் கிடந்தன. காகிதம் வைத்திருந்தவர்கள் ஊர் மாறிப் போனார்கள், முகவரி தொலைந்தது, சிலர் இறந்தும் போனார்கள். பின்னாளில் அந்த உரிமையைப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். கட்டுப்படியாகும் வீடுகளுக்கான குலுக்கலில் இன்றும் அந்தச் சான்றிதழுக்கு முதல் வரிசை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அந்தத் தாள் இருந்தால் தூக்கி எறியாதீர்கள் என்று அங்கே குடும்பங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஃபில்மோரையே மறுபடி ஜாஸ் வட்டாரம் ஆக்கியிருக்கலாமே?

ஆக்கிப் பார்த்தார்கள். இடித்த அதே முகமைதான் பிற்காலத்தில் "ஜாஸ் பாதுகாப்பு வட்டாரம்" என்று பலகை வைத்தது. 2007-இல் ஃபில்மோர் பாரம்பரிய மையம் என்று பெரிய கட்டடம் எழுப்பினார்கள். மேலே விலையுயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, கீழே ஓக்லாந்தில் புகழ்பெற்ற யோஷீஸ் ஜாஸ் கிளப்பின் கிளை, ஓர் உணவகம். அரங்கம் அருமையாக இருந்தது என்று போனவர்கள் சொல்கிறார்கள். ஆனால் 2012-இல் கிளை திவால் மனு போட்டது, 2014-இல் மூடப்பட்டது. 2017-இல் உணவகமும் போனது. அதற்குப் பிறகு கீழ்த்தளம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது.

என் கணிப்பு எளிது. பாப் சிட்டிக்கு வந்தவர்கள் பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்கள். வேலை முடிந்து நடந்தே வந்தவர்கள். அந்த மக்களை அனுப்பிவிட்டு, டிக்கெட் வாங்கக் கூட்டத்தை வெளியிலிருந்து காரில் வரவழைக்க வேண்டியிருந்தால் அது இன்னொரு வியாபாரம், வட்டாரம் ஆகாது.

பேவியூவின் கதை என்ன?

கடற்படையின் கப்பல்தளம் ஹன்டர்ஸ் பாயின்ட்டில் இருந்தது. போர்க்காலத்தில் தொழிலாளர்களுக்காக மலைச்சரிவில் அவசரமாகக் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளில் கறுப்பினக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் இருக்க வேண்டியதாயிற்று. 1974-இல் தளம் மூடியது, வேலை போனது. கதிர்வீச்சுச் சோதனைக்கூடம் இருந்த இடம் என்பதால் மண்ணில் நஞ்சு. 1989-இல் நாட்டின் மிக மோசமான மாசுத் தலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நகரத்தின் கழிவுநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு பேவியூவில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. மின்நிலையம் ஒன்றும் இருந்தது. குழந்தைகளின் ஆஸ்துமாவைச் சொல்லித் தாய்மார்கள் வருடக்கணக்கில் போராடி 2006-இல் அதை மூட வைத்தார்கள்.

தாய்மார்கள் என்று எழுதும்போதே சொல்ல வேண்டும், இந்த ஊரின் வரலாறே அம்மாக்களின் வரலாறு. 1960-களில் "பிக் ஃபைவ்" என்று அழைக்கப்பட்ட பெண்கள், குடியிருப்புப் பணம் கேட்டு வாஷிங்டன் வரை போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எலூயிஸ் வெஸ்ட்புரூக் மேடை ஏறினால் அதிகாரிகள் நாற்காலியில் நெளிவார்கள் என்று சொல்வார்கள். மலை மேல் போனால் வெஸ்ட்புரூக் கோர்ட், காமர் கோர்ட், ரோஸி லீ லேன், பெர்த்தா லேன் என்று தெருப்பலகைகள் தெரியும். எல்லாம் அந்தக் காலத்து அம்மாக்களின் பெயர்கள்.

மூன்றாம் தெருவில் பேவியூ ஓபரா ஹவுஸ் இருக்கிறது. 1888-இல் மரத்தால் கட்டியது. அதை இடிக்கவிடாமல் காப்பாற்றப் போராடிய நாடகக்காரர் ரூத் வில்லியம்ஸின் பெயரைப் பிறகு அரங்கத்துக்குச் சூட்டினார்கள். பண்பாட்டு வட்டாரம் என்ற சொல் வருவதற்கு வெகு முன்பே அதை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்.

பணம் எங்கிருந்து வருகிறது? போதுமா?

2018 நவம்பரில் "ஈ" என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஹோட்டல் வரியில் ஒரு பங்கைக் கலைக்கும் பண்பாட்டுக்கும் ஒதுக்கும் தீர்மானம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அதற்கு மேலேயே கிடைத்தது. எல்லா வட்டாரங்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலர். பத்தாகப் பிரித்தால் ஆளுக்குச் சராசரியாக 3 லட்சம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நடுத்தர வீட்டின் விலை 10 லட்சம் டாலருக்கு மேல். ஆகவே, ஒரு வருடப் பணத்தை அப்படியே கொட்டினாலும் வட்டாரத்துக்குள் ஒரு வீடு வாங்க முடியாது. இரண்டு பேருக்குச் சம்பளம், ஓர் அலுவலகம், சில விழாக்கள், அதோடு சரி.

அப்படியானால், வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டியதுதானே?

முடியாது. இனத்தைப் பார்த்து வீடு தருவதை 1968-இன் நியாயமான குடியிருப்புச் சட்டம் தடுக்கிறது. கறுப்பினத்தவரைக் காக்க வந்த சட்டம்தான், இப்போது இப்படியும் குறுக்கே நிற்கிறது. அதற்கு மேல், கலிஃபோர்னியாவில் 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 209-ஆம் தீர்மானம், அரசு வேலை, கல்வி, ஒப்பந்தம் எதிலும் இன அடிப்படையில் முன்னுரிமை கூடாது என்கிறது.

அதனால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். முன்னுரிமைச் சான்றிதழ் இனத்தைக் கேட்பதில்லை, "எந்த முகவரியிலிருந்து உங்களை வெளியேற்றினோம்?" என்றுதான் கேட்கிறது. 2016-இல் ஃபில்மோர் பக்கம் முதியோருக்காக 98 வீடுகள் கொண்ட வில்லி பி. கென்னடி குடியிருப்பு தயாரானபோது, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை தர நகரம் நினைத்தது. கூட்டாட்சி வீட்டுவசதித் துறை அதை மறுத்தது. பிறகு, வெளியேற்றப்படும் அபாயம் உள்ள பகுதிகளில் வசிப்பவர்களுக்கு 40 விழுக்காடு வீடுகள் என்று மாற்றிக் கேட்டபோது சரி என்றது.

பண்பாட்டு வட்டாரம் என்று பெயர் வைத்தாலே அந்த இடம் பிரபலமாகி வாடகை ஏறிவிடாதா?

ஏறும். சுவரோவியம் பார்க்க வருகிறவர் காபி கேட்பார், காபிக்கடை வந்தால் வீட்டுத் தரகர் வருவார். அந்த விளம்பரத்தில் "துடிப்பான பண்பாட்டுச் சூழல்" என்று நீங்கள் வரைந்த ஓவியமே இருக்கும். இதற்காகப் பெயரே வைக்காமல் இருந்தாலும் வாடகை ஏறத்தான் போகிறது. 2007-இல் மூன்றாம் தெருவில் டி ரயில் வந்ததிலிருந்து பேவியூவில் விலை ஏறுமுகம்தான்.

எனவே பலகையோடு மனையும் வேண்டும் என்பது என் கட்சி. வழிகள் இருக்கின்றன. நில அறக்கட்டளை நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு மேலே உள்ள வீட்டை மட்டும் குடும்பங்களுக்கு விற்கும். வீடு எத்தனை கை மாறினாலும் நிலம் சந்தைக்குப் போகாது. 2019-இல் நகரம் ஒரு சட்டம் போட்டது: பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தை விற்பவர் முதலில் தகுதி பெற்ற லாபநோக்கற்ற அமைப்புகளிடம் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் வாங்கக் கையில் காசு வேண்டும். மார்கஸ் புக்ஸ் காலத்தில் சட்டமும் இல்லை, காசும் போதவில்லை.

வேறு ஊர்களில் யாராவது சரியாகச் செய்திருக்கிறார்களா?

சியாட்டிலைப் பாருங்கள். அங்கே சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் என்ற பழைய கறுப்பினப் பகுதியில் 1968-இல் லிபர்ட்டி வங்கி தொடங்கியது. மற்ற வங்கிகள் அந்தப் பகுதிக்குக் கடன் தராத காலம். வங்கி போய், கட்டடமும் இடிபட்ட பிறகு, அதே மனையில் 2019-இல் 115 கட்டுப்படியாகும் வீடுகள் எழும்பின. ஆப்பிரிக்காடவுன் என்ற உள்ளூர் நில அறக்கட்டளையும் பிற கறுப்பின அமைப்புகளும் அதில் பங்காளிகள். பழைய வங்கியின் செங்கல்லைப் புதுக் கட்டடத்தில் வைத்தார்கள் என்பது அழகு. ஆனால் உரிமையில் பங்கு கேட்டு வாங்க வழி செய்துகொண்டதைத்தான் நான் மெச்சுவேன்.

லாஸ் ஏஞ்சலஸில் வேறு மாதிரி. கிரென்ஷா தெருவில் ரயில் வந்தபோது, கறுப்பினக் கடைத்தெருவின் நடுவே தரையில் ஓடக் கூடாது, சுரங்கத்தில் ஓடட்டும் என்று மக்கள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. சரி, ரயில் எங்கள் நடுவே போகிறதென்றால் சன்னல் வழியே எங்களைப் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று, 1.3 மைல் நீளத்துக்குச் சிலைகளும் பூங்காக்களுமாக டெஸ்டினேஷன் கிரென்ஷா திட்டத்தைத் தொடங்கினார்கள். இழப்பை வீம்பாக மாற்றிய கெட்டிக்காரத்தனம். திட்டமிட்ட காலத்தில் முடியாமல் இழுத்தது.

டெக்சாஸின் ஆஸ்டினில் ஆறு தெருச் சதுரங்களைக் கறுப்பினப் பாரம்பரிய வட்டாரமாக வைத்திருக்கிறார்கள். 1928-இல் நகரத் திட்டம் போட்டு, பள்ளியும் பூங்காவும் கிழக்கே மட்டும்தான் என்று அவர்களை அங்கே தள்ளிய ஊர் அது. ஓக்லாந்தின் 14-ஆம் தெருவுக்கும் 2016-இல் இதே மாதிரி வட்டார அறிவிப்பு வந்தது.

இதில் நமக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

ஒன்று பெருமையானது. 1944-இல் எல்லா இனத்தாரும் ஒன்றாக வழிபடும் சபையைச் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியவர்களில் ஒருவர் ஹோவர்ட் தர்மன், கறுப்பின இறையியலாளர். அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1935-இல், அவர் கொழும்பில் வந்து இறங்கி இலங்கை, இந்தியா, பர்மா என்று மாதக்கணக்கில் பயணம் செய்தார். கொழும்பில் ஒருவர் அவரைப் பார்த்து, அடிமைக் கப்பல் ஓட்டியவர்களின் மதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்ற பொருளில் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி தர்மனை விடவே இல்லை. காந்தியையும் அந்தப் பயணத்தில்தான் சந்தித்தார்.

இன்னொன்று அவ்வளவு பெருமையானதல்ல. இந்த வளைகுடாப் பகுதியில் வாடகையை ஏற்றியதில் மென்பொருள் சம்பளத்துக்குப் பெரிய பங்கு. அந்தச் சம்பளம் வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

நேரில் பார்க்க வேண்டும், எங்கே தொடங்குவது?

காலையில் ஆக்டேவியா தெருவும் புஷ் தெருவும் சந்திக்கும் முனையில் பிளெசன்ட் அம்மையாரின் மரங்கள். யூகலிப்டஸ் வாசனைக்கு நம்மவர்களுக்கு ஊட்டி ஞாபகம் வரும். அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஃபில்மோர் 1712. பிறகு கியரி பாலம். அதிலிருந்து தெற்கே நடந்தால் பாரம்பரிய மையத்தின் கண்ணாடி முகப்பு. ஜூன் மாதம் என்றால் ஜூன்டீன்த் விழா பாருங்கள், அடிமைத்தளை அறுந்த செய்தி டெக்சாஸுக்கு வந்து சேர்ந்த நாள். டெக்சாஸிலிருந்து வந்தவர்கள் ஃபில்மோருக்குக் கொண்டுவந்தது அது.

மதியத்துக்கு மேல் டி ரயிலைப் பிடித்து ஓக்டேல் நிறுத்தத்தில் இறங்குங்கள். மூன்றாம் தெருவின் விளக்குக் கம்பங்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று பட்டை அடித்திருப்பார்கள். மார்கஸ் கார்வியின் இயக்கம் 1920-இல் தந்த கொடியின் நிறங்கள். இரண்டடி நடந்தால் ஓபரா ஹவுஸ், உள்ளே நிகழ்ச்சி ஏதும் இல்லையென்றாலும் முற்றத்தில் உட்காரலாம். பெரியப்பா அங்கேதான் காலை நீட்டி உட்கார்ந்து, கம்பத்தைப் பார்த்து, ஓபரா ஹவுஸைப் பார்த்து, கடைசியாக ஒருமுறை கேட்டார். நகரத்தின் சொத்து, சமூக அமைப்பு ஒன்று நடத்துகிறது என்றேன். "குத்தகை எத்தனை வருஷம்?" என்றார்.